மேடன் என்.எஃப்.எல்.: ஆட்டக்காரர் கோரிய மேம்பாடுகள்

மேடன் என்.எஃப்.எல். என்பது அமெரிக்கக் கால்பந்தை ஒட்டி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிடும் வீடியோ கேம் வரிசை. முதல் பதிப்பு 1988இல் ஆப்பிள் 2 கணினிக்காக வந்தது. ஆண்டுக்கொரு பதிப்பு வரும் வழக்கம் ஏற்பட்டபின், அடுத்ததில் என்ன வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்பதும் வழக்கமாயிற்று. முதல் கோரிக்கை ஜான் மேடனுடையது. அதற்கு இணையான இன்னொன்று இதுவரை எழவில்லை.

மேடன் 1969 முதல் 1978 வரை ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். பதினோராம் சூப்பர் பவுலை அந்த அணிக்கு வென்று தந்தவர். பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளர். அவர் விமானப் பயணத்தைத் தவிர்த்துவந்தார். அதனால் 1984இல் நிறுவனத்தின் தோற்றுநர் டிரிப் ஹாக்கின்ஸ் ரயிலில் உடன் பயணம் செய்தே பேச வேண்டியிருந்தது. அன்றைய கணினியின் திறனுக்குப் பக்கத்துக்கு ஆறேழு பேர்தான் சாத்தியம் என்றனர். பதினோரு பேர் இல்லாவிட்டால் தம் பெயரைத் தர முடியாது என்று மேடன் மறுத்தார். காரணம் ஆட்டத்திலேயே இருந்தது. பந்து பின்னால் கைமாறியதும் முன்வரிசைத் தடுப்பாளர் ஐவர் எதிரிகளை நெஞ்சோடு நெஞ்சாக நிறுத்துகிறார்கள். பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நொடிகள் அவர்கள் வாங்கித் தருபவை. ஆட்களைக் குறைத்தால் வியூகம் வகுப்பதற்கே இடமில்லை. நிரலாளர் ராபின் ஆன்டோனிக் பதினோரு பேர் ஆடும் கேமைச் செய்துமுடிக்க ஆண்டுகள் பிடித்தன; நிறுவனத்துக்குள் இந்த முயற்சியை ‘டிரிப்பின் மடமை’ என்றே அழைத்தனர்.

1990இல் சேகா ஜெனிசிஸ் பதிப்பு விற்பனையைப் பெருக்கியது. ‘மேடன் 92’இல் வீரர் காயமுற்றால் ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் பாய்ந்து, வழியில் நிற்பவர்களையும் இடித்துத் தள்ளும். பின்னர் நீக்கப்பட்ட அந்தக் காட்சியைத் திரும்பக் கேட்போர் இன்றும் உண்டு. உண்மையான அணிகளின் பெயர்கள் ‘94’ பதிப்பிலும், வீரர்களின் பெயர்கள் ‘95’ பதிப்பிலும் இடம்பெற்றன. ஓர் அணியைப் பல பருவங்கள் நடத்தும் பிரான்சைஸ் முறை ‘99’ பதிப்பில் வந்தது.

2004இல் ‘ஈ.எஸ்.பி.என். என்.எஃப்.எல். 2கே5’ என்ற போட்டி கேம் 19.99 டாலருக்கு விற்பனைக்கு வந்து, இடைவேளைத் தொகுப்பு நிகழ்ச்சியிலும் ஒளிபரப்பு நேர்த்தியிலும் மேடனை முந்தியது. அவ்வாண்டு டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்.எஃப்.எல். லீகின் உரிமத்தைத் தனியுரிமையாகப் பெற்றது. போட்டி ஒழிந்தது, மேம்பாட்டின் வேகமும் அதோடு தளர்ந்தது.

அதன்பின் எழுந்த கோரிக்கைகளில் பிரான்சைஸ் முறை பற்றியவையே மிகுதி. ‘மேடன் 21’ வெளிவரவிருந்த 2020 கோடையில், அந்த முறையைச் சீர்செய்யக் கோரும் குறிச்சொல் சமூக ஊடகங்களில் பரவியது. நிறுவனம் இறங்கிவந்தது. துணைப் பயிற்சியாளர்களின் திறன் வளர்ச்சியும் வாராந்தர வியூகத் திட்டமும் ‘மேடன் 22’இல் சேர்ந்தன, கல்லூரி வீரர்களைக் கணிக்கும் ஸ்கவுட்டிங் ஏற்பாடு வெளியீட்டுக்குப் பிந்தைய இற்றைப்படுத்தலில் புதுப்பிக்கப்பட்டது. தடுப்பாளர்கள் கண்ணெதிரே வரும் எதிரியை விட்டுவிடுவது நெடுநாள் குறை. பதினோரு பேரும் திரையில் இருந்தால் போதாது, பதினோரு பேரும் தத்தம் வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் இதுவே முதலில் தீர்க்கப்பட வேண்டியது.

ஜான் மேடன் 2021 டிசம்பர் 28 அன்று காலமானார். அவர் பெயரிலான வரிசை தொடர்ந்தது; ‘மேடன் 26’ 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று.