முந்திரித் தோப்பும் மரண சாசனமும்

காடாம்புலியூர்ப் பகுதியில் வாழும் நமக்குச் சொத்து என்றதும் நினைவுக்கு வருவது முந்திரித் தோப்பும் பலா மரமும்தான். அந்த மண்ணில் நம் மனைவிக்கும் பெண் மக்களுக்கும் உள்ள பங்கு சட்டத்தில் ஐயமற உறுதியானது 1949இல்தான்.

1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றங்கள் சட்டம், முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளில் ஷரீஅத்தைப் பின்பற்றச் சொன்னது. சட்ட வலிமை பெற்ற வழக்காறு இருப்பின் அதற்கும் இடம் கொடுத்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என வாதிட விரும்பியவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. 1937இல் மத்திய சட்டசபை நிறைவேற்றிய ஷரீஅத் சட்டம் வழக்காற்றை ஒதுக்கியது. ஆயினும் விவசாய நிலத்தை அது தொடவில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விளைநிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். வீட்டில் பங்கு உண்டு. தோப்பில் மட்டும் வழக்காற்றைக் காட்டலாம் என்ற விந்தை நிலை! 1949ஆம் ஆண்டின் 18ஆவது சென்னைச் சட்டம் அந்த விலக்கை நீக்கிற்று.

இனி மரண சாசனம். ஹஜ்ஜத்துல் விதா ஆண்டில் மக்காவில் நோயுற்ற ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு அப்போது ஒரே மகள். செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பிய அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றையே அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தலாகாது என்பதே நோக்கம். (ஸஅது அவர்கள் குணமடைந்து நெடுங்காலம் வாழ்ந்தார்கள்.)

பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் எழுதினால், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி அது செல்லாது. மனைவிக்குக் கூடுதலாகத் தர விரும்புவோர் வாழும்போதே ஹிபா செய்து, சொத்தை அவர் வசம் ஒப்படைத்துவிட வேண்டும். கொடுபடாத மஹ்ரும் கடனே. பாகம் பிரிக்குமுன் அதைத் தீர்த்தாக வேண்டும்.

வஸிய்யத் உண்மையில் யாருக்குத் தேவை? தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளுக்கே. பாட்டனாருக்கு வேறு மகன் உயிருடன் இருந்தால் அவர்களுக்குப் பங்கு கிடையாது. எகிப்து 1946இல் கட்டாய வஸிய்யத்தைச் சட்டமாக்கி, பெற்றோரின் பங்கை மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் அப்பிள்ளைகளுக்கு அளித்தது. பாகிஸ்தான் 1961இல் வேறு வழியில் அவர்களுக்கு உரிமை தந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. பாட்டனார் தாமே முன்வந்தால்தான் உண்டு. பங்கு பெறாத அப்பேரப்பிள்ளைகள் வாரிசுகள் அல்லர் என்பதால், அடக்கச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குவரை எவர் சம்மதமுமின்றி அவர்களுக்கு எழுதலாம். வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும்தான். ஆனால் கேட்டவர்கள் மறைந்த பின் அதை நிலைநாட்டுவது கடினம். இரு சாட்சிகளுடன் ஒரு தாளில் எழுதி வைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.