தோரியனைட்: யுரேனியம் கலந்த இலங்கைக் கனிமம்

யுரேனியமும் தோரியமும் கலந்த தோரியனைட் என்ற கனிமம் 1904ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்தே உலகுக்கு அறிமுகமானது. அக்கண்டுபிடிப்பில் முக்கிய பங்காற்றியவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி.

சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், லண்டனில் நிலவியல் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவாய்வுப் பணிக்குத் தலைமை வகித்தார்.

கற்குழியில் கிடைத்தது

சபரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் தேடுவோர் சரளையை அரித்தபோது, கனத்த கருநிறக் கற்களும் கூடையின் அடியில் தங்கின. தொடக்கத்தில் இவை யுரேனியத்தின் முக்கிய தாதுவான யுரேனினைட் என்றே கருதப்பட்டன.

மாதிரிகள் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 70 சதவீதத்துக்கும் மேல் தோரியம் ஆக்சைடு இருப்பது அங்கு தெரியவந்தது. யுரேனியம் ஆக்சைடின் பங்கு 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இது புதிய கனிமம் என உறுதிசெய்த அதன் இயக்குநர் விண்டம் டன்ஸ்டன், தோரியனைட் எனப் பெயரிட்டார்.

வாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் இன்றியமையாததாக இருந்த காலம் அது. ஆகவே இக்கண்டுபிடிப்புக்கு வணிக மதிப்பும் இருந்தது.

பண்புகள்

தோரியனைட் பெரும்பாலும் சிறு கனசதுரப் படிகங்களாகக் கிடைக்கிறது. நிறம் கருமை அல்லது கரும்பழுப்பு. தண்ணீரைப் போல ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி கொண்டது. இதில் தோரியத்தின் இடத்தை யுரேனியம் வெவ்வேறு விகிதங்களில் நிரப்புவதால், இக்கனிமமும் யுரேனினைட்டும் ஒரே தொடரின் இரு முனைகளாகக் கருதப்படுகின்றன.

இரு தனிமங்களும் கதிரியக்கம் கொண்டவை. அவை சிதையும்போது உண்டாகும் ஹீலியம் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சூடாக்கினால், கல்லின் கனஅளவைப் போலப் பல மடங்கு வாயு வெளிப்படும்.

லண்டன் ஆய்வுகள்

இன்று தமிழர்கள் பலர் வாழும் வடமேற்கு லண்டனின் ரெய்னர்ஸ் லேன் நிலையத்திலிருந்து, மெட்ரோபாலிட்டன் ரயில் யூஸ்டன் ஸ்குவயருக்கும், பிக்கடில்லி ரயில் சவுத் கென்சிங்டனுக்கும் செல்கின்றன. இலங்கைக் கல்லின் வரலாறு இவ்விரு இடங்களையும் தொடுகிறது.

யூஸ்டன் ஸ்குவயருக்கு அருகேயுள்ள யூனிவர்சிட்டி கல்லூரியில், வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜெர்மானியர் ஓட்டோ ஹான், இக்கனிமத்திலிருந்து பெறப்பட்ட பொருளில் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். கதிரியக்க ஆய்வில் அது அவரது முதல் வெற்றி. 1938இல் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்ததும் அவரது குழுவே.

சவுத் கென்சிங்டனில், இம்பீரியல் கல்லூரியின் ஆர்.ஜே. ஸ்ட்ரட், தோரியனைட்டில் ஹீலியம் உருவாகும் வேகத்தை அளந்து, அதன் வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம் என 1910இல் மதிப்பிட்டார். பூமியின் வயதே 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு 1897இல் கூறியிருந்தார். அந்தக் கணக்கைத் தகர்த்த சான்றுகளுள் இந்தச் சிறு கல்லும் ஒன்று.

பெயரும் புகழும்

அகழ்ந்தது இலங்கையில், பகுத்ததும் பெயரிட்டதும் பேரரசின் தலைநகரில். காலனிகளின் கனிமங்கள் பலவற்றுக்கும் நேர்ந்தது இதுவே. கனிமத்தின் பெயரில் இலங்கையும் இல்லை, குமாரசுவாமியும் இல்லை.

ஆனால், அளவாய்வுக்காகக் கிராமங்கள் தோறும் சென்றபோது அவர் கண்ட கைவினைகள், இடைக்கால சிங்களக் கலை குறித்து 1908இல் வெளிவந்த அவரது நூலுக்கு வித்திட்டன. கல்லைத் தேடிச் சென்றவரைக் கலையிடம் சேர்த்ததும் அந்தப் பயணங்களே.