முறிந்த குழாயும் கம்பிக் கண்ணியும்

சிரையில் செருகிய வடிகுழாய் முறிந்தால், அதன் துண்டு ரத்த ஓட்டத்தோடு போய் இதயத்திலோ நுரையீரல் தமனியிலோ தங்கிவிடலாம். ரத்தக்கட்டியும் கிருமித்தொற்றும் பின்தொடரலாம். முன்பு மார்பைத் திறந்துதான் அந்தத் துண்டை எடுக்க வேண்டியிருந்தது. 1964இல் மருத்துவர் தாமஸ் குழுவினர், இதயத்தில் சிக்கிய உடைந்த வழிகாட்டிக் கம்பியை அறுவையின்றி இடுக்கியால் மீட்டனர். 1967இல் மசூமி, ராஸ் இருவரும் கம்பி வளையத்தால் துண்டைப் பிடிக்கும் கண்ணி முறையை விவரித்தனர். பின்னர் வந்த ஆம்பிளாட்ஸ் கண்ணியின் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் உலோகக்கலவை) வளையம் தண்டுக்குச் செங்குத்தாக விரியும். எளிய மாற்றம்தான், ஆனால் மிதக்கும் நுனியைப் பிடிக்க அதுவே பெரிதும் உதவியது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வளையத்தை இறுக்கி, துண்டைத் தொடைச் சிரையில் செருகிய உறைக்குழாய்க்குள் இழுப்பார்கள். இதற்குக் கேத் லேப் (இதய வடிகுழாய் ஆய்வகம்) அவசியம். அத்தகைய வசதியை எதிர்பார்க்கக்கூடிய அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லா ஊர்களிலும் ஒரே காலத்தில் வரவில்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.