பாதியில் நின்ற ஓவியமா? ரப்பரை எடுக்காதீங்க!

தாம்பரத்தில் பழைய வீட்டைக் காலி செய்கிறீர்கள். பரணில் ஓர் ஓவியத்தாள். பெண் உருவம், முகம் தெளிவாக இருக்கிறது, புடவைக்கு வெறும் கோடு, ஒரு கையைக் காணோம். 'பாதியில விட்டுட்டாரே' என்று பழைய பேப்பரோடு போட்டுடாதீங்க. அது லித்தோ எனப்படும் கல்லச்சுக்காக வரைந்ததாக இருக்கலாம்.

கல்லச்சு என்றால்?

1796 வாக்கில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அதுதான் சூட்சுமம். தேய்த்துச் சமன் செய்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த கிரேயானால் வரைவார்கள். பதப்படுத்திய கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது இப்படித்தான்.

ஏன் அரைகுறை?

தாளில் இருப்பது வழிகாட்டி மட்டுமே. கோடுகளைக் கல்லுக்கு மாற்றியபின் நிழலும் நுணுக்கமும் கல்லில்தான் சேரும். பொதுவாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். சில சமயம் ஓவியர் நிஜமாகவே பாதியில் நிறுத்தியிருப்பார். அப்போது ஒரே கை இரண்டு இடத்தில் வரையப்பட்டிருக்கும். அவர் யோசித்த தடம் அது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* மூலைகளில் கூட்டல்குறி போன்ற அடையாளங்கள்.
* தாளின் பின்புறம் சாக் அல்லது கரித்தூள் தடவிய தடம்.
* இடவலம் மாறிய எழுத்து. கல்லில் உள்ளது அச்சில் திரும்பி விழும் என்பதால் சிலர் முன்கூட்டியே திருப்பி வரைவார்கள். முருகனின் வேல் கை மாறியிருந்தால் பிழை என்று நினைக்காதீங்க.

என்ன செய்யலாம்?

அழிக்காதீங்க, யாரையும் விட்டு 'முடிக்க' வைக்காதீங்க. லேமினேஷன், செலோடேப் வேண்டவே வேண்டாம். சுருட்டாமல், அமிலமற்ற தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். ஃப்ரேம் போட்டால் கண்ணாடி ஓவியத்தில் படக் கூடாது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு நமக்குத் தெரியும். தரையோடு ஒட்டிய அலமாரி ஆகாது.

கோடுகளின் அருமை தெரிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈஞ்சம்பாக்கம் போய்வாங்க. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கேதான். திரும்பி வந்து உங்கள் தாளைப் பாருங்கள். வரையாமல் விட்ட அந்தக் கை இனி குறையாகத் தெரியாது.