மருத்துவர் கண்ட தேர்தல் களம்

பணவசதி இல்லாத ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலில் வெல்ல முடியுமா? மலாக்காத் தோட்டங்களில் நாம் பேசிக்கொள்ளும் இக்கேள்விக்குப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியில் விடை உண்டு.

1974 முதல் அத்தொகுதி ம.இ.கா.வின் சாமிவேலு அவர்கள் வசம் இருந்தது. 1999-இல் அவரை எதிர்த்து நின்றார் நுரையீரல் மருத்துவர் மைக்கல் ஜெயக்குமார். அவர் சார்ந்த மலேசிய சோசலிசக் கட்சி சிறியது. அப்போது பதிவும் பெறாதது. ஆகவே ஜ.செ.க. சின்னத்தில் நின்று தோற்றார். 2004-இல் கெஅடிலான் சின்னத்தில் நின்றும் தோற்றார்.

தோற்றவர் தோட்டங்களை மறக்கவில்லை. வீட்டுச் சிக்கல், சம்பளச் சிக்கல் எதுவாயினும் தொழிலாளரோடு நின்றார். 2008-இல் எதிர்க்கட்சி அலையும் சேர, 1,821 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார், 2013-இலும் வென்றார்.

2018-இல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றார். பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்குகூடக் கிட்டவில்லை. 10,000 வெள்ளி வைப்புத் தொகையும் பறிபோயிற்று.

ஆக, உழைப்பு மட்டும் போதாது, கூட்டணியும் வேண்டும். ஆனால் உழைப்பின்றி எந்தச் சின்னமும் நமக்குப் பயன்படாது. வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்போம்: சென்ற தேர்தலுக்குப் பின் எத்தனை முறை நம் லயத்துக்கு வந்தீர்கள்?