தலைச்சுற்றும் தலை திருப்பும் வைத்தியமும்

படுக்கையிற் புரண்டவுடன் அறை முழுவதும் சுழலத் தொடங்கும். ஒரு நிமிடங்கூடச் செல்லாமல் அது தானே அடங்கிவிடும். அண்ணாந்து பார்த்தாலோ குனிந்து நிமிர்ந்தாலோ மீண்டும் வரும். இத்தகைய தலைச்சுற்று மனிதருக்குப் புதியதன்று. ஆயினும் மருந்தும் கத்தியுமின்றி, தலையை முறைப்படி திருப்புவதனாலேயே அதனை மாற்றலாம் என்ற முடிவுக்கு வைத்திய உலகம் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இந்நோயை முதலில் தெளிவுற விவரித்தவர் வியன்னாவிற் பிறந்த றொபேட் பாரானி. உட்காதின் தொழிற்பாட்டை ஆராய்ந்தமைக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் உருசியரிடம் போர்க் கைதியாக இருந்தார். விடுதலையாகி வந்தபின், சகபாடிகள் சாட்டிய குற்றங்களால் மனங்கசந்து, சுவீடனின் உப்சாலா நகருக்குக் குடிபெயர்ந்தார். தலை சாயும் நிலைக்கேற்பச் சுற்று வரும் ஓர் இளம் பெண்ணைப் பற்றி 1921இல் அவர் எழுதினார். குற்றம் உட்காதிற் கற்களைத் தாங்கும் உறுப்பில் இருப்பதாகக் கருதினார்.

காதுக்குள்ளே கல்லா என்று வியப்போர் உண்டு. உண்மையிலேயே உண்டு. கண்ணுக்குப் புலனாகாத கல்சியம் காபனேற்றுத் துணிக்கைகள் பல, ஒரு பசைப்படலத்தின் மீது பதிந்திருந்து, புவியீர்ப்பின் திசையை நமக்கு உணர்த்துகின்றன. அவற்றுக்கு அருகே பாயம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை சுழல்வதை அறிவிப்பது அவற்றின் பணி. கற்கள் தம் இடத்தை விட்டுக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டால், சுழலாத தலையும் சுழல்வதாகவே மூளை நம்பும்.

1952இல் இலண்டனைச் சேர்ந்த மாகிறட் டிக்ஸ், சாள்ஸ் ஹோல்பைக் என்னும் இருவர், நூறு நோயாளரைக் கண்டு ஒரு சோதனையை வகுத்தனர். நோயாளியின் தலையை ஒரு பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்குமாறு விரைந்து கிடத்துவர். சில விநாடிகள் ஒன்றுமிராது. பின்னர் கண்கள் துடிக்கும், சுற்று எழும், அடங்கும். கீழே இருக்கும் காதே பழுதுற்ற காது. இன்றும் வைத்தியர்கள் கைக்கொள்வது இச்சோதனையையே.

பொஸ்தன் நகரின் ஹரோல்ட் ஷூக்நெக்ட் 1969இல் வெளியிட்ட ஆய்வு கால்வாயைச் சுட்டிக்காட்டியது. இறந்தோரின் உட்காதில், பின்புறக் கால்வாயின் உணர்திரையில் துணிக்கைகள் படிந்திருக்கக் கண்டார் அவர். ஒட்டிய பொருளைப் பெயர்ப்பது எவ்வாறு? தீராத நோயாளருக்கு, அக்கால்வாயின் நரம்பை அறுக்கும் சத்திரசிகிச்சையை றிச்சட் கசெக் 1974இல் விவரித்தார். செவிப்புலனையே இழக்க நேரக்கூடிய சிகிச்சை அது.

வீட்டிலேயே செய்யத்தக்க வழி 1980இல் வந்தது. தோமஸ் பிராண்ட், றொபேட் டறோவ் என்போர் நோயாளரைக் கட்டிலோரத்தில் இருத்தி, ஒரு பக்கமாகச் சாயவும், சுற்று அடங்கியபின் எழுந்து மறுபக்கம் சாயவும் பழக்கினர். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று மணிக்கொருதடவை இது செய்யப்பட்டது. 67 பேரில் 66 பேர் 3 முதல் 14 நாட்களுக்குள் குணமடைந்தனர் என்பது அவர்களின் அறிக்கை. பிரான்சில் அலென் செமோன் என்பவரும் சகாக்களும், நோயாளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விரைந்து புரட்டும் முறையை 1988இல் வெளியிட்டனர்.

அதே 1980இல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலே தொழில் புரிந்த ஜோன் எப்பிளி வேறொன்று சொன்னார். துணிக்கைகள் ஒட்டியிருக்கவில்லை, பாயத்தில் தடையின்றி அலைகின்றன என்றார் அவர். சில விநாடித் தாமதத்துக்கும் விரைவில் அடங்குவதற்கும் இக்கொள்கை எளிதிற் காரணம் கூறியது. துணிக்கைகள் விழத் தொடங்கும்வரை தாமதம், விழுந்து முடிந்ததும் அமைதி. அப்படியானால் தலையைப் படிப்படியாகத் திருப்பி, வளைந்த குழாயிலிருந்து மணலைக் கொட்டுவதுபோல அவற்றை வெளியேற்றலாமன்றோ? நோயுற்ற காதின் பக்கம் தலையைத் திருப்பிக் கிடத்தி, சற்றுப் பொறுத்து, மறுபக்கம் திருப்பி, உடலையும் அப்பக்கமே புரட்டி, பின்னர் எழுப்பி இருத்துவது அவரது முறை. இத்தனை எளிமையே அவருக்குப் பகையாயிற்று. சகவைத்தியர் நகைத்தனர், சஞ்சிகைகள் அவர் கட்டுரையைத் திருப்பியனுப்பின. அது அச்சேறியது 1992இலே. அதே ஆண்டில் கனடாவின் பாண்ஸ், மக்குளூர் என்போர், சத்திரசிகிச்சைக்காகத் திறந்த கால்வாயினுள்ளே துணிக்கைகள் மிதக்கக் கண்டதாக எழுதினர். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வீணே துன்புற்றோரை யார் கணக்கிட்டார்? 2008இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் சங்கமும் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சங்கமும் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தன. எப்பிளி 2019இற் காலமானார்.

எனினும் எல்லாத் தலைச்சுற்றும் இதுவன்று. பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, கடுந் தலைவலி என்பவற்றுடன் வருவது மூளையின் பழுதாயிருக்கலாம். அந்நிலையில் உடனே வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். கழுத்தெலும்பிற் கோளாறுடையோரும் வைத்தியரின் சொற்கேட்டே இதனைச் செய்யலாம். எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பதையும் முதலில் வைத்தியரே துணிதல் நன்று.

அவ்வாறு துணிந்தபின் வீட்டிலே செய்தால் பயனுண்டா என்பதை ஜேர்மனியில் அந்திரேயா ராட்கே குழுவினர் சோதித்தனர். 1999இல், எப்பிளி முறையைத் தாமே செய்தோரில் 64 சதவீதத்தினர் ஒரு வாரத்திற் குணமாயினர். பிராண்ட், டறோவ் பயிற்சியைச் செய்தோரில் 23 சதவீதத்தினரே குணமாயினர். 2004இல் அதே எப்பிளி முறையைச் செமோன் முறையோடு ஒப்பிட்டபோது, 95க்கு 58 என்று முடிவு வந்தது. செமோன் முறையைப் பின்பற்றியோர் பின்தங்கியதற்கு ஒரு காரணம், அதனைப் பிழையாகச் செய்தோர் அவர்களிடையே அதிகமாக இருந்தமையாகும்.