கொச்சியில் அச்சேறிய வினா விடை

கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றன. அதனை அடுத்த மட்டாஞ்சேரியிலும் தமிழ் பேசும் இல்லங்கள் உண்டு. இந்நகருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பிழைப்பினால் மட்டும் அமைந்ததன்று. தமிழெழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் இரண்டாவதாகிய 'கிரிசித்தியானி வணக்கம்' 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இங்கேதான், தேவதாயின் பெயர் தாங்கிய ஏசு சபைக் கல்லூரியில், அச்சேறியது. கிறித்தவ சமயக் கொள்கையை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே நிகழும் வினா விடையாக அது விளக்குகின்றது. எழுத்தறிந்தோர் அருகியிருந்த அக்காலத்தில் இத்தகைய நூல் யாருக்குப் பயன்பட்டது?

விடை காண நாம் முத்துக்குளித்துறைக்குச் செல்ல வேண்டும். 1530களில் அக்கரையோரப் பரதவர் பல்லாயிரவர், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்கள் மொழியில் சமயத்தைக் கற்பிப்பார் இலர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், இருமொழி அறிந்தோரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்குவித்தார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டினார். கற்றதைப் பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் சொல்லித் தருமாறு அச்சிறுவரைப் பணித்ததாக, 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே கூறுகின்றார். பிள்ளைகள் ஆசிரியராயினர், வீடு பள்ளியாயிற்று.

ஆனால் மனப்பாடத்தில் ஓர் இடர் இருந்தது. 'நம்புகிறேன்' என்னும் பொருள் வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் வழங்கியதைச் சவேரியார் பின்னர் அறிந்து, அதனைத் திருத்துமாறு தம் தோழர்க்கு எழுதினார். பிழையான ஒரு சொல் வாய்வழியே நூறு வீடுகளுக்குப் பரவிவிடும். ஆகவே தமிழை ஆழ்ந்து கற்றவர் ஒருவர் தேவைப்பட்டார். அவரே அன்றீக்கு அடிகளார். 1546இல் இந்தியா வந்த இப்போர்ச்சுகீசியத் துறவி, தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூலாக 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. மார்க்கோசு சோர்சு சிறுவர்க்கென எழுதிய போர்ச்சுகீசிய நூலைத் தழுவியதே கொச்சியில் அச்சான பெருநூல்.

அந்நாளைய ஏட்டு வழக்கைப் பின்பற்றி இந்நூல்களில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்பெறவில்லை. மொழியைக் காதாற் கேட்டுப் பழகியவரே அவற்றைத் தடையின்றிப் படித்தல் இயலும். எனவே வினா விடை என்பது கண்ணுக்கென அமைந்த வடிவமன்று என்று நாம் கருதலாம். எழுத்தறிந்த ஒருவர் வினவ, எழுத்தறியாத பலர் விடை கூறுவர். கூறிய விடை அவர்களுடன் வீட்டிற்குச் செல்லும். பின்னாளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் லூத்தரின் சிறு வினா விடை நூலைத் தமிழாக்கியபோதும் இம்முறையே கைகொடுத்தது.

1663இல் டச்சுக்காரர் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் கட்டடங்கள் பல இடிந்தொழிந்தன. நூலோ பிழைத்தது. சமயம் எதுவாயினும், பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகின்றது. நம் இல்லங்கள் பலவற்றில் இன்று பெற்றோரின் வினா தமிழில் எழுகின்றது; பிள்ளையின் விடை வேறு மொழியில் வருகின்றது. அந்த விடையும் தமிழில் வருமாறு செய்ய அச்சகம் வேண்டுவதில்லை. நாள்தோறும் வினவுவார் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.